வாட்டர் வீதியில் தொடங்கிய சரணாகதி

குடியை விட்டுவிட வேண்டும் என்று மனம் நொந்து தீர்மானிக்கிற மனிதன், எந்தத் தேசத்தவனானாலும் எந்த மதத்தவனானாலும், முதலில் நாடுவது சத்தியத்தையே. நம் ஊரில் எரிகிற கற்பூரத்தை அணைத்தும், பெற்ற பிள்ளையின் தலைமேல் கைவைத்தும் செய்கிற அந்தச் சத்தியத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேல்நாட்டார் ஒரு துண்டுக் காகிதத்தில் கையொப்பமிட்டுச் செய்தார்கள். அயர்லாந்தில் கார்க் நகரத்துக் கத்தோலிக்கக் குருவான தியோபால்ட் மாத்யூ 1838ஆம் ஆண்டில் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் அவ்விதம் பிரதிக்ஞை செய்துகொண்டார்கள். 1840 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துச் சாராயக் கடையொன்றில் கூடிக் குடித்துக்கொண்டிருந்த ஆறு நண்பர்கள் தாங்களே ஒரு பிரதிக்ஞை எழுதிக் கையொப்பமிட்டுத் தொடங்கிய வாஷிங்டனியர் சங்கமோ, குடித்து மீண்டவனே குடிக்கிறவனிடம் தன் கதையைச் சொல்லவேண்டும் என்ற புதுமையைப் புகுத்தி, சில ஆண்டுகள் அந்தத் தேசமெங்கும் பரவி, பத்தாண்டு நிறைவதற்குள் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

அந்தப் பிரதிக்ஞைகளை நான் பழிக்க வரவில்லை. அவற்றால் நிலைத்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் குடிநோய் மனிதனிடத்தில் முதலில் அழிப்பது எதையோ அதையே, அதாவது அவனுடைய மனவுறுதியையே, சத்தியம் அவனிடம் முதலாகக் கேட்கிறது. இல்லாததைக் கேட்டால் அவன் எங்கிருந்து கொடுப்பான்? தன்னால் முடியவில்லை என்பதைக் கடவுளுக்கு முன்னும் மனிதருக்கு முன்னும் வாய்விட்டு ஒப்புக்கொண்டு, தன்னை அவர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டு எழுந்திருக்கிற வேறொரு வழி, அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், நியூயார்க் நகரத்தின் மிகக் கேவலமான தெருவொன்றில், ஒரு முன்னாள் திருடனுடைய வீட்டில், வழக்கமாக வேரூன்றியது. விழுந்தவர்களே விழுந்தவர்களுக்குக் கைமாற்றிக் கொடுத்து வந்த அந்த வழக்கத்தின் வம்சாவளி மிகத் தெளிவானது; அதை ஒருமுறை அடியிலிருந்து சொல்லிப் பார்ப்பது, விசுவாசத்தால் குடி விடுகிறதா என்ற கேள்விக்கு வாதங்களைவிட நல்ல பதிலாகும் என்பது என் எண்ணம்.

ஜெர்ரி மக்காலி 1839 வாக்கில் அயர்லாந்தில் பிறந்தவன். பதின்மூன்று வயதில் நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டு, கிழக்கு ஆற்றில் நங்கூரமிட்ட கப்பல்களில் இரவு நேரத்தில் ஏறித் திருடிப் பிழைத்த அவன், பத்தொன்பதாம் வயதில், தான் செய்யவே இல்லை என்று கடைசிவரை அவன் சொல்லிவந்த ஒரு வழிப்பறிக் குற்றத்துக்காக, பதினைந்தாண்டு தண்டனை பெற்று ஸிங் ஸிங் சிறைக்குப் போனான். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறைச்சாலைக் கோயிலில் பிரசங்கிக்க வந்தவரைக் கண்டு அவன் திடுக்கிட்டான். ஏனெனில் அவர் ஆர்வில் கார்ட்னர், முன்பு பந்தயக் குத்துச்சண்டைக்காரராய்த் திரிந்து அவனுக்கும் அறிமுகமாயிருந்த முரடர். தானும் இந்தக் கைதி உடைக்குத் தகுதியானவனே என்று கண்ணீரோடு அவர் சொன்ன சாட்சி அவனைத் தன் அறையிலிருந்த வேதபுஸ்தகத்தைத் தூசி தட்டி எடுக்க வைத்தது. சில வாரங்கள் கழித்து ஓர் இரவு அந்தக் கல்தரையில் முழங்காற்படியிட்டு அவன் மனந்திரும்பினான். 1864இல் மன்னிப்புப் பெற்று விடுதலையானான்.

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு ஞாயிறு பள்ளிக் கதையாகத்தான் இருந்திருக்கும். விடுதலையான ஜெர்ரியை வரவேற்க எந்தச் சபையும் இல்லை, வேலை கொடுக்க எவரும் இல்லை, தெரிந்த முகங்கள் எல்லாம் ஆற்றங்கரைத் திருடர்களுடைய முகங்கள். ஆகவே அவன் மறுபடி திருடினான், மறுபடி குடித்தான். மிஷன் ஊழியர் ஒருவர் தேடிக் கண்டுபிடித்துத் தூக்கி நிறுத்தியும் மீண்டும் விழுந்தான், எழுந்தான், விழுந்தான். நிலைபெற்ற பிறகு அவன் அந்த வீழ்ச்சிகளை மறைக்கவில்லை. சிறையில் தான் பெற்ற அனுபவம் பொய்யென்றும் அவன் சொல்லவில்லை. வழியில் ஒரு மனிதத் துணை வேண்டியிருந்தது, அது இல்லாமல் போயிற்று என்பதே அவன் கண்ட விளக்கம். அந்தக் குறையைத் தீர்க்கும்பொருட்டு, ஆல்ஃப்ரெடரிக் ஹாட்ச் என்ற வங்கியாளர் கொடுத்துதவிய, முன்னே நடன விடுதியாக இருந்த கட்டடத்தில், வாட்டர் வீதி 316ஆம் எண்ணில், 1872 அக்டோபரில், தன் மனைவி மரியாவோடு சேர்ந்து அவர் (இனி ‘அவர்’ என்றே சொல்லவேண்டும்) ஆண்களுக்கான உதவிக்கர இல்லத்தைத் திறந்தார். மரியாவும் குடியின் பிடியிலிருந்து மீண்டவரே.

அந்த இல்லத்தின் இரவுக் கூட்டங்களை அக்காலத்து நியூயார்க் பத்திரிகைகள் ஆவலோடு வருணித்தன. சுவரோரமாக நெருக்கி உட்கார்ந்திருக்கும் கந்தல் உடைக்காரர்கள். ஒரு சிறு மேடை. முதலில் பாட்டு, பிறகு ஒரு சிறு வேதவாசிப்பு, அதன்பின் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்று, நீட்டி முழக்காமல், தான் எப்படி இருந்தான், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறான் என்பதை மட்டும் சொல்லி உட்காருகிற சாட்சிகள். கடைசியில், விரும்புகிறவர்கள் முன்பெஞ்சிக்கு வரலாம். வந்தவனுக்காக மற்றவர்கள் ஜெபித்துவிட்டு, நீயே உன் வாயால் கேள் என்பார் ஜெர்ரி. ஜெபமே தெரியாதவன் எதைச் சொல்வான்? தனக்குத் தெரிந்த பாஷையில், திக்கித் திணறி, இரண்டு வார்த்தை சொல்வான், அது போதும். கூட்டம் கலைந்த பின் அவனுக்கு உணவும், வேண்டுமானால் படுக்கையும் உண்டு. விழுந்து மறுநாள் வருகிறவனுக்கும் அதே பெஞ்சி, அதே உணவு. பல முறை விழுந்தவர் நடத்திய இல்லமல்லவா? 1882இல் ஜெர்ரி அதே நகரத்தின் மேற்கு 32ஆம் வீதியில் கிரிமோர்ன் மிஷன் என்ற இரண்டாவது இல்லத்தைத் திறந்தார். இரண்டாண்டு கழித்துக் காசநோயால் அவர் இறந்தபோது, சவ அடக்க ஆராதனை நடந்த பிராட்வே டாபர்நாக்கிள் என்ற பெரிய தேவாலயம் போதாமல் ஜனங்கள் வீதியில் நின்றார்கள்.

கிரிமோர்ன் மிஷனுக்கு அது திறந்த ஆண்டிலேயே ஒரு நாள் வந்து சேர்ந்தவர் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஹாட்லி. வீடின்றி, உறவின்றி, குடித்துக் குடித்துச் சாகும் நிலையில் ஹார்லெம் பகுதிச் சாராயக் கடையொன்றில் உட்கார்ந்திருந்த அவர், செத்தாலும் இனி ஒரு துளி குடிப்பதில்லை என்று கடையின் மேடையைக் குத்திச் சொல்லிவிட்டு, தன்னைப் பூட்டி வைக்கும்படி தானே போலீஸ் நிலையத்தில் போய்க் கேட்டுக்கொண்டு, நடுக்கமும் பிரமைகளுமாக அங்கே கிடந்து, வெளியே வந்தபின் ஜெர்ரியின் கூட்டத்துக்குப் போனார். அன்றிரவு ஜெர்ரியின் சாட்சியைக் கேட்டு முழங்காற்படியிட்ட ஹாட்லி பின்னர் குடிக்கவேயில்லை. 1886இல் வாட்டர் வீதி இல்லத்தின் தலைவராகி, 1906இல் மரிக்கும் வரை இருபதாண்டு அதை நடத்தினார். அவருடைய வரலாற்றை, எடின்பரோவில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் ஹார்வர்டு பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் எடுத்தாண்டார். அச்சொற்பொழிவுகள் 1902இல் நூலாக வெளிவந்தன. மனமாற்றம் இரு வகை என்று ஸ்டார்பக் என்ற உளநூலாரைப் பின்பற்றி ஜேம்ஸ் அந்நூலில் விளக்குகிறார்: படிப்படியாக முயன்று அடைவது ஒன்று, முயற்சி முற்றும் ஓய்ந்த இடத்தில் தன்னைக் கைவிட்டு அடைவது மற்றொன்று. சாராயக் கடையில் பிறந்த ஓர் அனுபவம் இவ்வாறு பண்டிதர்களுடைய அலமாரியில் இடம்பெற்றது. அது அங்கே முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தது என்றே சொல்லலாம்.

இதனிடையே வேறொரு ஓடை வேறொரு மலையடிவாரத்தில் ஊற்றெடுத்தது. இங்கிலாந்தின் ஏரி நாட்டில் கெஸிக் என்ற சிற்றூரில் 1875 முதல் ஆண்டுதோறும் நடக்கும் ஆவிக்குரிய மாநாடு தமிழ்க் கிறிஸ்தவருக்கு அந்நியமானதன்று. அந்த மாநாட்டினர் தங்கள் பொருளுதவியால் அனுப்பிய முதல் மிஷனரி, டோனாவூர் ஆசிரமத்தின் தாயாக நம் திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்து மறைந்த எமி கார்மைக்கேல் அம்மையாரே. தன்னை முழுதும் ஒப்புக்கொடுத்தல் என்பது அந்த மாநாட்டின் ஜீவநாடியான போதனை. 1908இல் அங்கே போய்ச் சேர்ந்தார் ஃபிராங்க் புக்மன் என்ற அமெரிக்க லூத்தரன் போதகர். ஃபிலடெல்ஃபியாவில் தாம் நடத்திய இளைஞர் விடுதியின் நிர்வாகக் குழுவினர் ஆறு பேரோடு பணவிஷயத்தில் சச்சரவிட்டு, பதவியை உதறி, உள்ளே கசப்போடு ஊர் ஊராய் அலைந்துகொண்டிருந்த அவர், ஒரு சிறிய கோயிலில், விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் முன்னிலையில், ஜெஸ்ஸி பென்-லூயிஸ் அம்மையார் சிலுவையைக் குறித்துப் பேசக் கேட்டார். அந்த ஆறு பேருடைய குற்றம் எதுவாயினும் தம்முடைய வன்மமே தமக்கும் தேவனுக்கும் நடுவே நிற்கிறது என்று அவருக்கு அப்போது உறைத்தது. விடுதிக்குத் திரும்பி ஆறு பேருக்கும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். ஒருவரும் பதில் போடவில்லை. ஆயினும் ஒப்புக்கொடுத்தலுக்கு அடுத்த படி, தீங்கிழைத்தவரிடம் போய்ச் சரிசெய்தலே என்பது அந்தக் கடிதங்களோடு இந்த வரலாற்றில் நுழைந்தது. அது குடிகாரருக்கு எத்தனை பெரிய மருந்தாகப் போகிறதென்று புக்மனுக்கே அன்று தெரிந்திராது.

புக்மனைச் சுற்றி வளர்ந்து பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபர்டு குழு என்று பெயர்பெற்ற இயக்கத்தின் நன்மை தீமைகளை இங்கே ஆராயப் புகுந்தால் கட்டுரை திசைமாறிவிடும். பெரிய மனிதர்களையும் பத்திரிகைப் புகழையும் அது அளவுக்கு மீறி நாடியது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பரிபூரண நேர்மை, தூய்மை, தன்னலமின்மை, அன்பு என்ற நான்கை அளவுகோலாக வைத்துத் தன்னைச் சோதிப்பது, கண்ட குற்றத்தை இன்னொருவரிடம் அறிக்கையிடுவது, தேவனுக்குத் தன்னை ஒப்புவிப்பது, கெடுத்ததைச் சரிக்கட்டுவது, காலைதோறும் மௌனமாக அமர்ந்து தேவசித்தத்துக்குச் செவிகொடுப்பது: இவை அவ்வியக்கத்தின் நித்திய சாதனங்கள். சீனாவில் 1918இல் புக்மனைச் சந்தித்து இவற்றைக் கைக்கொண்ட சாமுவேல் ஷூமேக்கர், பின்னாளில் நியூயார்க்கின் கால்வரி ஆலயத்துக்குக் குருவாகி, 1926இல் கிழக்கு 23ஆம் வீதியில் ஏழைக் குடிகாரர்களுக்கென்று கால்வரி மிஷனைத் திறந்தபோது, அதை நடத்துவதற்கு அவருக்குத் துணையாய் வாய்த்தவர் ஹாட்லி குடும்பத்தைச் சேர்ந்தவரே. இரண்டு ஓடைகளும் அந்த வாசலில் கலந்தன.

அந்த மிஷனில் தங்கித் தெளிந்திருந்த எப்பி தாட்சர் என்பவர், 1934 நவம்பரில், தம் பழைய குடிநண்பரான பில் வில்ஸனைப் பார்க்க புரூக்ளினில் கிளின்டன் வீதி வீட்டுக்கு வந்தார். பங்குச் சந்தைத் தரகராக ஓகோவென்று வாழ்ந்து கெட்டு, மனைவியின் சம்பாத்தியத்தில் குடித்துக்கொண்டிருந்த பில், சமையலறை மேஜையில் அன்னாசிச் சாறு கலந்த ஜின்னை ஊற்றி நண்பர்பக்கம் தள்ளினார். எப்பி தொடவில்லை. தமக்கு மார்க்கம் கிடைத்துவிட்டதென்று அமைதியாகச் சொன்னார். தேவ நம்பிக்கையைக் கேட்டாலே எரிச்சல்படுகிற பில்லுக்கு, வாதத்தை மறுப்பது எளிதாயிருந்தது. எதிரே தெளிந்த கண்ணோடு உட்கார்ந்திருந்த ஆளை மறுப்பது எளிதாக இல்லை. சில வாரங்களில் அவர் குடிவெறியோடேயே கால்வரி மிஷனுக்குப் போய் மற்றக் குடிகாரர்களோடு முன்னே சென்று முழங்காற்படியிட்டார். டிசம்பர் 11ஆம் தேதி டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே, மருந்து தெளிந்து மனம் அதலபாதாளத்தில் கிடந்தபோது, கடவுள் உண்டானால் தம்மைக் காட்டட்டும் என்று கதறியவருக்கு அறை முழுவதும் பேரொளி நிறைந்ததாகவும், மலைமேல் காற்று வீசுவதுபோன்ற ஒரு விடுதலை தம்முள் புகுந்ததாகவும் தோன்றிற்று. புத்தி பேதலித்துவிட்டதோ என்று அஞ்சி அவர் வைத்தியர் வில்லியம் ஸில்க்வொர்த்தைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த நல்ல வைத்தியர் அதை மூளைக்கோளாறென்று தள்ளிவிடாமல், வந்தது எதுவாயினும் விடாமல் பிடித்துக்கொள் என்றார். அடுத்து பில்லின் கைக்கு வந்த புத்தகம் வில்லியம் ஜேம்ஸின் அந்தப் பழைய நூல். அதற்குள் ஹாட்லி இருந்தார்.

இனி ஓஹையோ மாநிலத்தில், டயர்த் தொழிற்சாலைகளின் புகைசூழ்ந்த ஆக்ரன் நகரத்துக்குப் போகவேண்டும். டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோனின் மகன் ரஸ்ஸல் குடியில் மூழ்கிக் கிடந்து, 1931இல் ஒரு ரயில் பிரயாணத்தில் ஷூமேக்கரோடு ஜெபித்து மனந்திரும்பினார். நன்றி மறவாத தகப்பனார் 1933 ஜனவரியில் புக்மனையும் அவருடைய குழுவினரையும் ஆக்ரனுக்கு அழைத்தார். பத்து நாள் ஆரவாரம் அடங்கிய பின் மிஞ்சியது, டி. ஹென்றி வில்லியம்ஸ் என்பவரின் வீட்டில் புதன்கிழமைதோறும் கூடிய ஒரு சிறு ஜெபக்கூட்டம். அதில் தவறாமல் உட்கார்ந்திருந்தவர் அறுவை வைத்தியர் ராபர்ட் ஸ்மித். எல்லோருக்கும் டாக்டர் பாப். இரண்டரை ஆண்டுக் காலம் அவர் வேதம் வாசித்தார், ஜெபித்தார், ஆவிக்குரிய புத்தகங்களை அலமாரி அலமாரியாகப் படித்தார். அத்தனை காலமும் குடித்தார். இந்த வரலாற்றில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்த இடம் இது. பக்தியில் அவருக்குக் குறைவில்லை, படிப்பில் குறைவில்லை, அன்பான மனைவி ஆன் அம்மையாரின் கண்ணீரும் குறைவில்லை. என்ன குறைந்தது?

கூட்டத்தில் ஒருவராகிய ஹென்றியெட்டா ஸைபர்லிங் அம்மையார் அதைக் கண்டுகொண்டார். அவரவர் தமக்கு மிகவும் வெட்கமான ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு செய்து, 1935 வசந்தகாலத்தில் ஒரு நாள் அவர் சிலரைக் கூட்டினார். முறை வந்தபோது டாக்டர் பாப், தம் தொழில் போய்விடக்கூடுமென்று தெரிந்தே, தாம் ஒளிந்து குடிப்பவரென்றும் நிறுத்த முடியவில்லையென்றும் சொன்னார். உமக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டார்கள். கூடத்துக் கம்பளத்தின்மேல் எல்லோரும் முழங்காற்படியிட்டார்கள். நகரம் முழுவதும் முன்னமே அறிந்த ரகசியம்தான் அது. ஆயினும் அவர் வாயால் அது வெளிவந்தது அன்றுதான்.

மே மாதம் 11ஆம் தேதி, சனிக்கிழமை. வியாபார விஷயமாக ஆக்ரனுக்கு வந்து தோற்றுப்போய், கையில் பத்து டாலரோடு மேஃபிளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் நின்றிருந்த பில் வில்ஸனின் காதில், அப்பாலிருந்த மதுக்கூடத்தின் சிரிப்பொலி விழுந்தது. ஐந்து மாதமாக அவர் நியூயார்க்கில் குடிகாரர்களிடம் தம் பேரொளியைப் பிரசங்கித்தும் ஒருவரும் தெளியவில்லை. ஆனால் அந்தப் பிரயாசத்தால் தாம் குடிக்காமல் இருந்ததை நினைத்துக்கொண்டார். பேச ஒரு குடிகாரன் வேண்டும், இல்லையேல் தாம் குடித்துவிடுவோம் என்று தோன்றிற்று. ஹோட்டல் சுவரிலிருந்த தேவாலய அட்டவணையைப் பார்த்து ஒரு குருவுக்கு டெலிபோன் செய்து, அவர் கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து, கடைசியில் ஹென்றியெட்டா அம்மையாரைப் பிடித்தார். ஜெபத்துக்கு வந்த விடை இது என்று அந்த அம்மையார் சிறிதும் ஐயப்படவில்லை. ஆனால் டாக்டர் பாப் அன்று எழுந்து நடமாடும் நிலையில் இல்லை. அன்னையர் தினத்துக்காக மனைவிக்கு ஒரு பூந்தொட்டியை வாங்கிவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போதையில் சாய்ந்து கிடந்தார். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, பதினைந்தே நிமிஷம் என்று மனைவியிடம் நிபந்தனை பேசிக்கொண்டு ஹென்றியெட்டா அம்மையாரின் வீட்டுக்கு வந்து பில்லைச் சந்தித்தவர், இரவு பதினொரு மணிக்கு மேல்தான் அந்த வீட்டைவிட்டு எழுந்தார்.

பில் அன்று பிரசங்கம் செய்யவில்லை. ஒளியைப் பற்றிப் பேசுவதை ஒத்திவைத்து, நோயின் கொடுமையை முதலில் சொல் என்று ஸில்க்வொர்த் கூறியிருந்த யோசனைப்படி, தாம் குடித்த கதையை மட்டும் சொன்னார். தம்மைக் காத்துக்கொள்ளவே அவரைத் தேடி வந்ததையும் மறைக்கவில்லை. குடியைப் பற்றித் தம்மிடம் அனுபவத்தால் பேசிய முதல் மனிதர் அவர் என்று டாக்டர் பாப் பிற்காலத்தில் எழுதினார். இப்படியிருந்தும் அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை: ஜூன் மாதம் வைத்தியர் மாநாட்டுக்கென்று அட்லாண்டிக் சிட்டிக்குப் புறப்பட்டவர், ரயில் ஏறியதுமுதல் குடித்து, நினைவிழந்து திரும்பினார். அறுவைச் சிகிச்சை ஒன்று காத்திருந்தது. பில்லும் ஆன் அம்மையாரும் மூன்று நாள் இரவுபகலாகப் பார்த்துத் தேற்றினார்கள். சிகிச்சையன்று காலை கைந்நடுக்கம் அடங்குவதற்காக பில் அவருக்கு ஒரு பீர் கொடுத்தார். ஜூன் 10ஆம் தேதி என்று பின்வந்தோர் கணக்கு வைத்திருக்கிற அந்த நாளின் பீரே அவர் ஆயுளில் குடித்த கடைசிப் பானம். சிகிச்சை நன்றாக முடிந்தது. ஆனால் மணிக்கணக்காக ஆளைக் காணோம். எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று வீட்டில் துடித்தார்கள். அவரோ, யார் யாரிடம் கடன் வாங்கினாரோ, யார் யார் முகத்தைப் பார்க்க வெட்கி ஒளிந்தாரோ, அவர்கள் வாசல்தோறும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கெஸிக்கில் எழுதப்பட்ட ஆறு கடிதங்களின் பலன் ஆக்ரன் நகரத் தெருக்களில் அன்று காலால் நடந்தது.

அடுத்த நான்காண்டு ஆக்ரனில் நிலவிய முறை கண்டிப்பானது. புதியவனை முதலில் மருத்துவமனையில் சேர்த்து உடம்பைத் தேற்றுவார்கள். குடித்து மீண்டவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் படுக்கையருகே வந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். டாக்டர் பாப் கடைசியாக வந்து, கடவுளை நம்புகிறாயா என்று நேராகக் கேட்பார். பிறகு டி. ஹென்றியின் வீட்டு மாடியறையில், இரண்டு மூன்று பேர் சூழ நிற்க, அவன் முழங்காற்படியிட்டுத் தன்னை ஒப்புக்கொடுக்கவேண்டும். அதன் பிறகே கீழே கூட்டத்தில் அமரலாம். மறுநாள் காலையில் ஆன் அம்மையாரின் வீட்டில் காப்பியும், யாக்கோபு நிருபமோ மலைப்பிரசங்கமோ கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரமோ வாசித்து ஒரு மௌன ஜெபமும். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று கண்டித்துச் சொல்லும் யாக்கோபின் நிருபத்தில் அவர்களுக்கு அத்தனை பற்றிருந்தபடியால், தங்கள் கூட்டத்துக்கு யாக்கோபின் பெயரையே வைக்கலாமென்றும் சிலர் விரும்பினார்கள்.

1938 டிசம்பரில் பில் இந்த முறையைப் பன்னிரண்டு படிகளாக எழுதினார். 1939 ஏப்ரலில் அது நூலாக வெளிவந்தது. குடியின் முன் தான் வலுவற்றவனென்று ஒப்புக்கொள்வதும், கடவுளின் பாதுகாப்பில் தன் சித்தத்தையும் வாழ்க்கையையும் ஒப்படைப்பதும், குற்றங்களை எழுதி மற்றொருவரிடம் அறிக்கையிடுவதும், கெடுத்தவற்றைச் சரிசெய்வதும், கடைசியில் மற்றக் குடிகாரர்களிடம் இச்செய்தியைக் கொண்டுபோவதும் எல்லாம் வாட்டர் வீதியிலும் கெஸிக்கிலும் கால்வரி ஆலயத்திலும் கண்டவையே. ஷூமேக்கருக்குத் தாம் பட்ட கடனை பில் பகிரங்கமாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் நாத்திகர் சிலர் நியூயார்க் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களோடு நிகழ்ந்த நீண்ட தர்க்கத்தின் முடிவில், கடவுள் என்ற சொல்லோடு அவரவர் அறிந்துகொண்டபடி என்ற அடைமொழி சேர்ந்தது. ஏழாம் படியில் முதலில் இருந்த ‘முழங்காற்படியிட்டு’ என்ற சொல் நீங்கிற்று. அதே 1939 மே மாதத்தில், ஆக்ஸ்ஃபர்டு குழுவின் கூட்டங்களுக்குப் போகத் தங்கள் திருச்சபை இடம்கொடாத கத்தோலிக்கக் குடிகாரர்களுக்காக, கிளீவ்லாந்தில் கிளாரன்ஸ் ஸ்நைடர் என்பவர் இந்தக் கூட்டத்தாரின் புதிய பெயரான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதிலேயே தனிக்கூட்டம் தொடங்கினார்.

கிறிஸ்துவின் நாமம் அந்தப் படிகளில் இல்லாமற்போனதை ஒரு நஷ்டமாகக் கருதி இன்றும் வருந்துகிற விசுவாசிகள் உண்டு. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன், ஆனால் பங்கிட்டுக்கொள்ள முடியவில்லை. வாசலில் நிற்கும் அடுத்த குடிகாரனை உள்ளே விடவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகக் கதவை அகலமாக்கியவர்கள், ஜெர்ரி மக்காலி செய்ததையே செய்தார்கள். கதவு அகன்றபின் உள்ளே வந்தவர்களைப் பாருங்கள். 1940இல் ஒரு குளிர்கால இரவில் செயின்ட் லூயிஸிலிருந்து எட்வர்டு டௌலிங் என்ற இயேசு சபைக் குரு பில்லைத் தேடிவந்து, இந்தப் படிகளுக்கும் புனித இக்னேஷியஸின் தியானப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் காட்டினார். ஆக்ரனில் புனித தாமஸ் மருத்துவமனையில் சேர்க்கைப் பொறுப்பிலிருந்த இக்னேஷியா என்ற சின்னஞ்சிறு கன்னிகை, குடிநோயை நோயென்றே மதியாத அக்காலத்தில், 1939 ஆகஸ்டில் டாக்டர் பாபின் நோயாளிக்குத் துணிந்து இடம்கொடுத்தார். அவர்கள் இருவர் பார்வையில் அங்கே தேறியவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். வீடு திரும்பும் ஒவ்வொருவனிடமும் அந்தச் சகோதரி திரு இருதயப் படம் பொறித்த சிறு பதக்கமொன்றைக் கொடுத்து, மறுபடி குடிப்பதானால் முதலில் இங்கே வந்து இதை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க் குடி என்று வாக்குறுதி வாங்கிக்கொள்வார்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இந்த வம்சாவளியில் வைத்தியரும் ஜெபமும் எதிரெதிரே நின்ற இடம் ஒன்றுகூட இல்லை. பல ஆண்டு குடித்த உடம்பு திடீரென்று சாராயம் நின்றால் வலிப்பும் ஜன்னியும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை ஸில்க்வொர்த்தும் டாக்டர் பாபும் இக்னேஷியாவும் நன்கறிந்திருந்தார்கள். ஆகவே மருத்துவமனைப் படுக்கை முதலில், முழங்கால் பிறகு. ஜெபித்தால் போதும், வைத்தியன் எதற்கு என்று இன்று சொல்லுகிறவர்கள் தங்கள் சாட்சிக்கு இந்த முன்னோரை அழைக்கமுடியாது. 1961 ஜனவரியில் பில்லுக்கு எழுதிய கடிதத்தில், ரோலண்டு ஹஸார்டு என்ற நோயாளியிடம் மருத்துவத்தின் எல்லையைத் தாம் ஒளிக்காமல் சொன்னதை மனோதத்துவ மேதை யுங் உறுதிப்படுத்தினார். அந்த ஹஸார்டுதான் எப்பியைக் கரையேற்றியவர்களுள் ஒருவர். எப்பியோ அதற்குப் பிறகு பலமுறை விழுந்தார். பில் அவரைக் கடைசிவரை தம் வழிகாட்டி என்றே சொல்லிவந்தார்.

1949இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் தோன்றிய ஹேஸல்டன் இல்லம் இந்தப் பன்னிரண்டு படிகளைச் சிகிச்சையோடு இணைத்தது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் அங்கே பயிற்சி பெற்று வந்து, 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று நம் நாட்டிலும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன; அவற்றுள் பல தேவாலய வளாகங்களிலும் பள்ளிக்கூட அறைகளிலும் கூடுகின்றன.

ஆகவே நம் சபைகளின் போதகர்களையும் மூப்பர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். மனந்திரும்பிய குடிகாரனை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைத்துக் கைதட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். மறுவாரம் அவன் விழுந்து வந்தால் அதே வாசலில் அவனுக்கு நாற்காலி போடுங்கள். முதலில் அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். உங்கள் ஆலயத்தில் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக்கிடக்கும் அறை ஒன்று நிச்சயமாக இருக்கும். அதன் சாவியை, வாரத்துக்கு ஒரு மாலை, குடியிலிருந்து மீண்டவர்கள் கையில் கொடுத்து, என்ன மதம் என்று கேளாமல் விட்டுவிடுங்கள்.